தண்டவாளம் வந்தது, தொடர்பு எங்கே?

1990ஆம் ஆண்டில் அறுந்த வடபகுதிப் புகையிரதப் பாதை, 2014 ஒக்டோபரில் யாழ்ப்பாணத்தையும் 2015 சனவரியில் காங்கேசன்துறையையும் மீண்டும் அடைந்தது. இந்தியா வழங்கிய கடனில், இந்தியாவின் இர்கொன் நிறுவனம் அமைத்த பாதை அது. பின்னர் மாகோ - ஓமந்தைப் பகுதியும் புதுக்கப்பட்டு, மணிக்கு 100 கிலோமீட்டர் வேகமெனப் பெருமை பேசப்பட்டது. நன்று. வேகத்தை வெறுப்பவரல்லர் நாம். ஆயின், அவ்வேகத்தில் ஓடும் வண்டியினுள் அமர்ந்திருப்பவன் காட்டுவழி நெடுகிலும் உலகத்தோடு பேச்சற்ற ஊமையாய்க் கிடக்கவேண்டுமா? அதைத்தான் கேட்கிறோம்.

கொழும்புக்குச் செல்லும் நம்மவர் உல்லாசப் பயணிகள் அல்லர். நேர்முகப் பரீட்சைக்கும், வைத்தியத்துக்கும், தூதரகங்களின் வாயிலில் காத்துநிற்பதற்கும் செல்பவர்கள். ஏறத்தாழ 400 கிலோமீட்டர்ப் பயணத்தில் ஒரு விண்ணப்பத்தை அனுப்பவும், ஒரு செய்தியைப் பெறவும் அவர்களுக்கு இணையம் வேண்டும்.

இதில் இடர் இல்லாமலில்லை. ஓடும் வண்டியிலுள்ள கைத்தொலைபேசியைக் கோபுரத்துக்குக் கோபுரம் கைமாற்றவேண்டும். இரும்புப் பெட்டியோ அலைகளை மறிக்கிறது. வவுனியாவுக்கு வடக்கே குடிசனம் அருகிய காட்டில், இலாபம் காணாத கம்பெனி எதுவும் கோபுரம் நாட்ட விரையாது. ஆனால் பரிகாரமும் புதிதன்று. பெட்டியின் கூரையில் அலைவாங்கியைப் பொருத்தி, பல நிறுவனங்களின் இணைப்புக்களை ஒருங்கு திரட்டி, உள்ளே பயணிகளுக்குப் பகிரலாம். மணிக்கு 270 கிலோமீட்டர் வேகத்தில் ஓடிய யப்பானின் டோக்கைடோ வண்டிகளில் 2009ஆம் ஆண்டிலேயே இணையம் வந்துவிட்டது. கோபுரமில்லை என்ற சாட்டும் இனிச் செல்லாது. ஸ்டார்லிங்கின் செய்மதி இணையம் 2025இல் இந்நாட்டிலும் தொடங்கப்பட்டதே!

பணமில்லை என்பார்கள். இதே பாதையில் சைகை முறையையும் திணைக்களத்தின் சொந்தத் தொலைத்தொடர்பு அமைப்பையும் நிறுவக் கடன் கிடைத்ததே, எப்படி? நிலைய அதிபர் அடுத்த நிலைய அதிபரோடு பேச வழியுண்டு. அந்தக் கடனை வரியாய் இறுப்பவன் தன் வீட்டோடு பேச வழி காணோம். தொலைபேசிக் கட்டணத்தின்மேல் தனியாகத் தொலைத்தொடர்பு வரியும் அவனிடம் அறவிடப்படுகிறது. அவன் கேட்பது பிச்சையல்ல.

புகையிரதத் திணைக்களமும் தொலைத்தொடர்புகள் ஒழுங்குபடுத்தும் ஆணைக்குழுவும் ஒன்றையொன்று சாட்டிக் காலங் கடத்தவேண்டாம். குளிரூட்டிய முதலாம் வகுப்புக்கு மட்டும் கொடுத்துக் கணக்கை முடிக்கும் தந்திரமும் வேண்டாம். காங்கேசன்துறையிலிருந்து புறப்படும் ஒரு வண்டியிலேனும், மூன்றாம் வகுப்பிலிருந்தே தொடங்கி, எந்தத் தேதியில் இணையம் கிடைக்குமென அறிவிக்கட்டும்.