புத்தாண்டும் மனநலமும்

ஆண்டு பிறக்குந்தோறும் தீர்மானங்களும் பிறத்தல் வழக்கமாய்விட்டது. ஜனவரி முதல் வாரத்தில் மாணாக்கர் விடுதியை ஒருமுறை சுற்றிவருவார்க்குச் சுவர்களில் ஒட்டப்பெற்ற காகிதத் துண்டுகளே இதனைப் புலப்படுத்தும். வைகறை நான்கு மணிக்கு எழுதல், இரவிற் கைப்பேசியைத் தொடாதிருத்தல், ‘அரியர்’ என்று மாணாக்கர் வழங்கும் நிலுவைப் பாடங்கள் அனைத்தையும் ஏப்ரலுக்குள் முடித்தல், சினத்தை விடுதல் என்று பல உறுதிகள் அவற்றிற் காணப்படும். யாம் இவற்றை எள்ளுகின்றோம் அல்லேம். நன்மையை நாடும் நெஞ்சமே தீர்மானஞ் செய்யும். ஆயினும், அத்துண்டுகளுள் மனநலம் பேணுதலைக் குறித்து எழுதியது ஒன்றும் இல்லை. எழுதியிருப்பவை யாவும் மனத்தை அடித்துப் பணியவைக்கும் கட்டளைகளே. தை பிறப்பதற்குள் அவற்றுட் பெரும்பாலன முறிந்துபோகின்றன. முறித்தவன் தன்னையே நொந்துகொள்கின்றான். ஆண்டின் தொடக்கமே அவனுக்கு ஒரு தோல்வியாய் முடிகின்றது.

மனந்தளர்ந்தார்க்கு நம்மவர் கூறும் அறிவுரையும் இவ்வகையினதே. “மனத்தைத் திடப்படுத்திக்கொள்” என்பர். “உன் வயதில் யாம் படாத பாடா?” என்பர். காய்ச்சலுற்றுக் கிடப்பவனை நோக்கி, “உடம்பைக் குளிரப்பண்ணிக்கொள்” என்று எவரேனும் கூறுவரோ? நாடி பார்ப்பர், கஞ்சி வைப்பர், வைத்தியரிடம் அழைத்துச் செல்வர். உடல் நோய்க்கு வைத்தியசாலையை நாடும் பழக்கம் நம் பகுதிக்குப் புதியதன்று. 1838ஆம் ஆண்டில் லண்டன் மிஷன் சங்கத்தைச் சார்ந்த டாக்டர் ஆர்ச்சிபால்டு ராம்சே நெய்யூரில் மருத்துவப்பணி தொடங்கினார். பிற்காலத்தில், 1922ஆம் ஆண்டின் எவரெஸ்ட் குழுவிற் சென்ற டாக்டர் சாமர்வெல், அம்மலையினின்று மீண்டபின் நெய்யூரைக் காண வந்து, அங்குள்ள நோயாளர் பெருக்கத்தைக் கண்டு, இப்பகுதியிலேயே பணிபுரியத் துணிந்தார். இத்துணை நீண்ட மருத்துவ வரலாறுடைய நாட்டில், 2011ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி எழுத்தறிவில் தமிழ்நாட்டின் முதன்மை மாவட்டமாய் நின்ற இக்குமரி மாவட்டத்தில், மனம் நோயுற்றால் மட்டும் கதவைச் சாத்திக்கொள்கின்றோம். “வெளியில் தெரிந்தால் நாளை பெண் யார் கொடுப்பார்?” என்பதே வீட்டாரின் முதற் கவலையாய் விடுகின்றது.

அவ்வாறு சாத்திய கதவுக்கு முடிவு யாது என்பதைத் தமிழ்நாடு ஒருமுறை கண்டது. 2001ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6ஆம் நாள் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் மனநோயாளர் விடுதியொன்று தீப்பற்றியது. சங்கிலியாற் பிணிக்கப்பட்டிருந்தோர் எழுந்தோட மாட்டாது மாண்டனர். இறந்தவர் தொகை 28. அவர்களை அங்குக் கொண்டு விட்டவர் பகைவர் அல்லர்; பெற்றோரும் உடன்பிறந்தாருமே. அன்பிலார் என்று அவர்களைப் பழித்தல் எளிது. வேறு வழி காட்டுவார் இன்றி, ஊரார் நாவுக்கும் அஞ்சி அவ்வாறு செய்தனர் என்றே யாம் கருதுகின்றோம்.

மனநோய் என்றதும் பித்துப்பிடித்து வீதியில் அலைவாரையே நம்மவர் நினைக்கின்றனர். கலாசாலையில் யாம் காண்பது அதுவன்று. இரண்டு வாரத்திற்கு மேலாக எதிலும் மகிழ்ச்சியில்லை, முன்பு விரும்பிய ஆட்டத்திலும் பாட்டிலும் நாட்டமில்லை, நள்ளிரவு கழிந்தும் உறக்கமில்லை, அன்றேல் விடியற்கு முன்னரே விழிப்பு, பசியில்லை, படித்த வரி நெஞ்சில் நில்லாது நழுவுகின்றது, தன்னால் எவர்க்கும் பயனில்லை என்னும் எண்ணம் ஓயாது எழுகின்றது. மனச்சோர்வு என்று மருத்துவர் கூறும் நோயின் குறிகள் இவை. இவ்வாறுற்ற மாணாக்கன் அழுதுகொண்டு நம்முன் வந்து நிற்பதில்லை. அவன் வகுப்புக்கு வாராதிருக்கின்றான். பின் இருக்கைக்குப் போகின்றான். கட்டுரையைக் குறித்த நாளிற் கொடான். நாமோ அவற்றுக்குச் சோம்பல் என்று பெயரிட்டு, வருகைக் குறைவென்று தந்தைக்குக் கடிதம் விடுக்கின்றோம். கடிதம் சென்ற வீட்டின் நிலையையும் எண்ணுதல் வேண்டும். பால்வெட்டுக்குச் சென்று பெற்ற கூலியிலோ, அரைக்காணி நிலத்தை ஈடுவைத்துப் பெற்ற கடனிலோ கட்டணம் செலுத்திய தந்தை, அக்கடிதத்தைக் கண்டு மகனிடம் என்ன பேசுவார்? காரணத்தை அறியுமுன் தண்டனை சென்று சேர்ந்துவிடுகின்றது.

2022ஆம் ஆண்டில் மட்டும் இந்திய நாட்டில் 13,044 மாணாக்கர் தம்முயிரைத் தாமே போக்கிக்கொண்டனர் என்று தேசியக் குற்றப்பதிவுத் துறையின் அறிக்கை கூறும். ஒவ்வொரு மரணத்துக்கும் ஒரே காரணம் கற்பித்தல் அறியாமை. வறுமை, குடும்பப்பூசல், காதல், குடி, நோய், பரீட்சை முதலிய பலவும் பின்னிக் கிடத்தலே பெரும்பான்மை. எனினும் பரீட்சையின் பங்கைக் குறைத்த வரலாறொன்று நம் தமிழ்நாட்டிலேயே உண்டு. அதனைச் சற்றே விரித்துரைத்தல் தகும்.

சென்னையில் 1986ஆம் ஆண்டில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் ‘சிநேகா’ என்னும் நிலையத்தை நிறுவினார். வாழ்வில் வெறுப்புற்றார் கூறுவதைத் தொண்டர் அமைதியாகக் கேட்பதே அந்நிலையத்தின் பணி. அறிவுரை கூறுதலினும் செவிகொடுத்தல் பெரிதென்பது அதன் கொள்கை. பள்ளி இறுதிப் பரீட்சையின் முடிவு வெளியாகும் நாட்களில் துயருற்று அழைப்போர் பெருகுதலை அங்குள்ளோர் கண்டனர். தோற்ற மாணாக்கன் மீண்டும் எழுத ஓராண்டு காத்திருத்தல் வேண்டும் என்னும் நிலையே பலர்க்கும் உலகம் இருண்டதுபோல் தோன்றக் காரணமென உணர்ந்து, விரைவில் மறுபரீட்சை எழுத வழிசெய்யுமாறு அரசினரை வேண்டினர். அவ்வழி தமிழ்நாட்டில் நடைமுறைக்கு வந்தது. தோற்றவன் சில வாரங்களில் மீண்டும் எழுதி, அவ்வாண்டே கலாசாலை புகலாயினான். இங்கே மாறியது மாணாக்கன் நெஞ்சத்தின் திடமன்று, காலக்குறிப்பு ஒன்றே. ஆயிரம் மேடைகளில் “தோல்வியைக் கண்டு துவளாதீர்” என்று முழங்கியதனினும், அவ்வோர் ஏற்பாடு மிக்க பயன் தந்தது என்பது எம் துணிபு.

ஆதலின் யாம் சொல்லக் கருதியது இதுவே: புத்தாண்டில் தீர்மானஞ் செய்யவேண்டியவர் மாணாக்கர் மட்டுமல்லர்; ஆசிரியரும் கலாசாலையும் செய்தல் வேண்டும்.

நம் ஊர்த் தொழிலொன்று இதற்கு உவமையாகும். ஒய்.எம்.சி.ஏ. சங்கத்தார் 1920களில் ஸ்பென்சர் ஹாட்ச் என்பாரின் தலைமையில் மார்த்தாண்டத்தில் நடத்திய கிராமப் புனரமைப்பு நிலையத்திலே பெட்டிவழித் தேனீ வளர்ப்பு இப்பகுதியார்க்குக் கற்பிக்கப்பட்டது. மார்த்தாண்டம் தேன் 2023ஆம் ஆண்டிற் புவிசார் குறியீடும் பெற்றது. புத்தாண்டையொட்டி ரப்பர் மரங்கள் இலையுதிர்த்துத் துளிர்க்கும். அத்துளிரின் காம்பிற் சுரக்கும் மதுவே நம் தேனீக்களின் பேரறுவடைக்கு மூலம். மழைக்காலத்திலோ மதுவில்லை, ஈக்கள் மெலியும். அப்போது வளர்ப்பவன் பெட்டியின்முன் நின்று, “உழைப்பின்றி உயர்வில்லை” என்று உபதேசியான். சீனியைக் கரைத்துப் பெட்டிக்குள் வைப்பான். வையாதவனுடைய ஈக்கள் பெட்டியை விட்டு ஓடிப்போகும். அவற்றைக் குறைகூறுவார் எவருமிலர்.

புத்தாண்டு எல்லார்க்கும் ஒரே முகத்தோடு வருவதுமில்லை. 2017ஆம் ஆண்டு நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் குமரிக்கடலைக் கலக்கிற்று. தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளை, நீரோடி முதலிய ஊர்களினின்று ஆழ்கடல் சென்றோர் பலர் மீளவில்லை. டிசம்பர் 7ஆம் நாள் கடற்கரை மக்கள் திரண்டு வந்து, மார்த்தாண்டத்துக்கு அணித்தாயுள்ள குழித்துறை ரயில் நிலையத்தில் தண்டவாளத்தின்மேல் அமர்ந்து, காணாமற்போனாரைத் தேடித் தருமாறு கேட்டனர். அதன்பின் கிறிஸ்துமஸும் வந்தது, புத்தாண்டும் வந்தது. உடல் கிடைத்தார் அடக்கஞ்செய்து அழுதனர். கிடையாதார் வீட்டிலோ அழுதற்கும் மனம் ஒருப்படவில்லை, நம்புதற்கும் வழியில்லை. காணாமற்போனாரை இறந்தாராகக் கருத ஏழாண்டு செல்லவேண்டும் என்பது பொதுச்சட்டம். இவர்கள்பால் அரசினர் அத்துணைக் காலம் காத்திராது உதவித்தொகை அளித்தனர். நெஞ்சம் அவ்வளவு விரைவில் தீர்ப்பெழுதுமோ? இவ்வகைத் துயரத்தை ‘தெளிவற்ற இழப்பு’ எனப் பெயரிட்டு ஆராய்ந்தார் அமெரிக்க அறிஞர் பாலின் பாஸ். அப்புயலின்போது தொடக்கப்பள்ளியில் இருந்த பிள்ளைகள் இன்று கலாசாலைப் பருவத்தினர். டிசம்பர் பிறந்ததும் ஒருவன் பேச்சொடுங்கிப் போவானாயின், அவன் ஊர் எது, வீட்டில் யார் யார் உளர் என்பதை அறிந்த ஆசிரியர் ஒருவராவது நம்மிடையே இருத்தல் வேண்டாவோ?

தனி மாணாக்கன் செய்யத்தக்கன சிலவே. அவை எல்லாரும் அறிந்தனவும் ஆம். ஏழு எட்டு மணி நேரம் உறங்குக. பரீட்சைக் காலத்திலும் இதனைக் குறைத்தல் வேண்டா. உறங்காத மூளை படித்ததைப் போற்றிவையாது. நாடோறும் நடந்து உடல் வியர்க்கச் செய்க. குடியைத் துயர்க்கு மருந்தெனக் கொள்ளற்க. அது உறக்கத்தைக் கெடுத்துச் சோர்வைப் பெருக்கும். தன்னுள் நிகழ்வதை ஒருவரிடமாவது உரைக்க. உரைப்பவனைக் கேட்கும் தோழனுக்கு ஒரு சொல்: சாவைப் பற்றிக் கேட்டால் அவ்வெண்ணத்தை நாமே விதைத்தவராவோம் என்று அஞ்சற்க. நேராகக் கேட்டல் தீங்கு செய்யாதென்றும், மறைத்து வைத்த பாரத்தை இறக்கிவைக்க இடந்தருமென்றும் மருத்துவர் ஒருப்பட்டுக் கூறுகின்றனர். கேட்டபின் அவனைத் தனியே விடாது உடனிருந்து, பொறுப்புள்ள பெரியவரிடமும் மருத்துவரிடமும் சேர்ப்பித்தல் வேண்டும். “எவரிடமும் சொல்லாதே” என்று அவன் சத்தியம் வாங்கியிருப்பினும் இதனைச் செய்க.

சட்டமும் இப்போது துணைநிற்கின்றது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், தற்கொலைக்கு முயன்றவரைக் கடும் மனவழுத்தத்திற்கு உள்ளானவராகவே கொண்டு, அரசு அவர்க்குச் சிகிச்சையும் மறுவாழ்வும் அளித்தல் வேண்டும் என்கின்றது. உடல் நோய்க்குப்போலவே மன நோய்க்கும் காப்பீடு உண்டெனவும் விதிக்கின்றது. காவல் நிலையத்துக்கு அஞ்சி மருத்துவமனைக்குச் செல்லாதிருந்த காலம் கழிந்தது என்பதைப் பெற்றோர்க்கு அறிவித்தல் நம் கடன்.

இனிக் கலாசாலை செய்யத்தக்கவற்றைக் கூறுவோம். வருகைப் பதிவேட்டில் ஒருவன் தொடர்ந்து ஐந்து நாள் வாராதிருப்பின், வீட்டுக்குக் கடிதம் செல்லுமுன் வகுப்பாசிரியர் அவனை அழைத்துப் பேசுதல் வேண்டும். பேசினார் என்பதற்குப் பதிவேட்டிலேயே ஓர் இடம் ஒதுக்குக. ஆலோசகர் இருக்கும் அறையை ஒழுங்கு நடவடிக்கை எடுக்கும் அறையின் பக்கத்தில் அமைத்தலாகாது. அவ்வழி செல்வானைக் கண்டார், “என்ன குற்றம் செய்தாய்?” என்றே கேட்பர். நூல்நிலையத்தின் பக்கலில் அமைப்பின், புகுவாரை எவரும் நோக்கார். மதிப்பெண்களை வகுப்பின்முன் உரக்க வாசிக்கும் வழக்கத்தையும் விடலாம். அதனால் திருந்தினாரை யாம் கண்டதில்லை. வளைகுடா நாடுகளிலும் பிற இடங்களிலும் வாழும் பழைய மாணாக்கர், ஆண்டுவிழா மேடையில் தம் வெற்றிகளை மட்டும் உரையாது, தாம் தோற்ற பாடத்தையும் வேலையின்றி இருந்த ஆண்டுகளையும் இளையோர்க்கு உரைப்பாராயின், அது பொற்பதக்கத்தினும் பயன்படும்.

2022ஆம் ஆண்டு அக்டோபர் 10ஆம் நாள் தொடங்கப்பட்ட ‘டெலி மானஸ்’ என்னும் அரசு மனநலத் தொலைபேசிச் சேவையை 14416 என்னும் எண்ணில் இரவும் பகலும் கட்டணமின்றி அழைக்கலாம், தமிழிலேயே பேசலாம். இவ்வெண்ணை நம் மாணாக்கர் அடையாளச் சீட்டின் பின்புறத்தில் அச்சிடுமாறு ஆட்சிக்குழுவினரை வேண்டுகின்றோம். அடுத்த ஆண்டுக்குரிய சீட்டுகள் ஜூன் மாதத்தில் அச்சேறும்.