கவாத்து வேறு, பிடுங்கி எறிதல் வேறு

2025 நவம்பரில் சென்னை சூப்பர் கிங்ஸ் நிர்வாகம் ரவீந்திர ஜடேஜாவை ராஜஸ்தானுக்குக் கொடுத்து சஞ்சு சாம்சனை வாங்கிக்கொண்டபோது, குன்னூரிலும் கோத்தகிரியிலும் தேநீர்க்கடைகளில் வேறு பேச்சே இல்லை. 2023 இறுதியாட்டத்தின் கடைசி இரண்டு பந்துகளில் ஒரு சிக்ஸரும் ஒரு நான்கும் அடித்துக் கோப்பையை வாங்கித் தந்த மனிதரை விற்கலாமா என்றது ஒரு தரப்பு. விற்காமல் என்ன, கோயில் கட்டிக் கும்பிடுவதா என்றது மறுதரப்பு. இரண்டாம் தரப்பின் குரல்தான் ஓங்கியிருந்தது. உணர்ச்சிவசப்படாதவன், கணக்குத் தெரிந்தவன் என்று பெயரெடுக்க இதைவிடச் சுலபமான வழி கிடையாது.

ஜடேஜாவுக்காக நான் வாதாடப் போவதில்லை. அவர் ஆட்டம் தேய்ந்தவர் அல்லர்; போன இடத்திலும் முதல்வரிசை மரியாதையோடுதான் போனார். அந்தப் பேச்சுகளில் கால்பந்தும் அடிபட்டது, “ஜெஜேயை அனுப்பியதுபோல இவரையும் அனுப்ப வேண்டியதுதானே” என்று ஏதோ தீர்ந்துபோன வழக்கைச் சொல்வதுபோல் சொன்னார்கள். அந்த வழக்கு என்னளவில் தீரவில்லை. நெடுங்காலம் உழைத்த ஒருவருடைய ஆட்டம் தளரும்போது சங்கம் அவரைக் கைவிடலாமா என்ற கேள்விக்குத் தமிழ்நாட்டில் நமக்குக் கிடைத்த மிகச் சரியான உதாரணம் ஜெஜே லால்பெக்லுவாதான்.

மிசோரத்திலிருந்து வந்த ஜெஜே, இந்தியன் சூப்பர் லீக் தொடங்கிய 2014ஆம் ஆண்டிலேயே சென்னையின் எஃப்.சி. சட்டையை அணிந்தவர். அந்தப் பருவத்தில் 4 கோல், 2015இல் 6, 2016இல் 3, 2017-18இல் 9. சென்னை அணி வென்ற இரண்டு கோப்பைகளிலும், 2015இலும் 2018இலும், அவர் பங்கு உண்டு. 2018 மார்ச்சில் கோவாவுக்கு எதிரான அரையிறுதியின் இரண்டாவது ஆட்டத்தை நேரு விளையாட்டரங்கில் பார்த்தவர்கள் இன்றும் அதைச் சொல்லிச் சொல்லி மகிழ்வதைக் கேட்டிருக்கிறேன். மூன்றுக்குப் பூஜ்யம். ஜெஜே ஒன்று, தனபால் கணேஷ் ஒன்று, ஆட்டம் முடியும் தறுவாயில் மறுபடி ஜெஜே.

அடுத்த பருவத்தில் ஒரே ஒரு கோல். அதற்கடுத்த 2019-20 பருவம் முழுவதும் முழங்கால் காயத்தால் ஆடவே இல்லை. 2020இல் ஒப்பந்தம் முடிந்தது, புதுப்பிக்கப்படவில்லை. ஈஸ்ட் பெங்காலுக்குப் போனார். அப்போது அவருக்கு வயது 29.

எதிர்த்தரப்பின் முழு வாதமும் அந்த ‘ஒரே ஒரு கோல்’ என்ற எண்ணில் நிற்கிறது. அந்த எண்ணைச் சற்றுத் திருப்பிப் பார்ப்போம். 2018-19இல் நடப்பு வாகையரான சென்னை அணி 18 ஆட்டங்களில் 9 புள்ளிகள் பெற்றுப் பத்து அணிகளில் பத்தாவதாக வந்தது. 13 தோல்வி. ஒரு முன்கள ஆட்டக்காரர் கோல் அடிக்காததால் மட்டும் ஓர் அணி 13 முறை தோற்க முடியாது. தடுப்பாளர்கள் உண்டு, நடுக்களம் உண்டு, பயிற்சியாளர் உண்டு, ஆள் எடுத்த நிர்வாகம் உண்டு. ஆனால் முன்களத்தில் நிற்பவனின் தோல்விக்கு மட்டும்தான் எண் உண்டு. மற்றவர்களின் தோல்வி ‘அணியின் தோல்வி’ என்ற பொதுக்கணக்கில் கரைந்துவிடும். இன்னொன்று: அதே பருவத்தின் நடுவில், 2019 ஜனவரி 6 அன்று அபுதாபியில் ஆசியக் கோப்பை ஆட்டத்தில், மாற்று ஆட்டக்காரராக இறங்கிய சற்று நேரத்திலேயே தாய்லாந்துக்கு எதிராக இந்தியாவின் நான்காவது கோலை அடித்தார் இதே ஜெஜே. மூன்றாவதை அடித்தவர் அனிருத் தாபா, அவரும் சென்னை அணிக்காரர். ஆட்டம் செத்துப்போன காலில் அந்தக் கோல் எங்கிருந்து வந்தது?

தேயிலை மலையில் இருந்துகொண்டு இந்த விவாதத்தைக் கேட்கும்போது எனக்குச் சிரிப்பும் எரிச்சலும் ஒருசேர வருவதற்குக் காரணம் உண்டு. நான்கைந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை செடியைக் கவாத்து செய்யாமல் இங்கே எவரும் தோட்டம் நடத்துவதில்லை. கவாத்து முடிந்த காட்டை முதன்முறை பார்க்கும் சுற்றுலாக்காரர் தீப்பிடித்து எரிந்ததோ என்று கேட்பார். இலை கிடையாது, பச்சை கிடையாது, சரிவு முழுக்கக் குச்சிகள். மாதக்கணக்கில் அந்தக் காட்டிலிருந்து ஒரு கிலோ கொழுந்து வராது. சம்பளமும் உரமும் மட்டும் போய்க்கொண்டிருக்கும். அந்த மாதங்களின் கணக்கை மட்டும் எடுத்துவைத்துக்கொண்டு ‘இந்தச் செடி பலன் தரவில்லை, பிடுங்கிவிடு’ என்று ஒரு மேலாளர் சொன்னால் அவரைத்தான் முதலில் பிடுங்குவார்கள்.

கவாத்தில் இன்னொரு நுட்பமும் இருக்கிறது. வேரில் போதிய மாவுச்சத்து சேர்ந்திருக்கும் செடியே வெட்டைத் தாங்கித் துளிர்க்கும். இடைவிடாமல் பறித்து, ஓய்வு கொடுக்காமல் வேரை வற்றவைத்துவிட்டு வெட்டினால் செடி காய்ந்துபோகும். ஜெஜேயின் 2014 முதல் 2017 வரையிலான ஆண்டுகளைப் பாருங்கள். ஆண்டின் ஒரு பாதி சென்னைக்காக இந்தியன் சூப்பர் லீக். மறுபாதி கொல்கத்தாவின் மோகன் பகானுக்காக ஐ-லீக். இடையிடையே தேசிய அணி. இரண்டு லீகுகளும் ஒன்றன்பின் ஒன்றாக நடந்த அந்த விசித்திரமான காலத்தில் இந்திய ஆட்டக்காரர்கள் பலருக்கும் இதே கதிதான். மூன்று முதலாளிகள் மாறிமாறிக் கொழுந்து பறித்தார்கள். முழங்கால் போனதும் மூவரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்தார்கள். இதற்கு ‘ஃபார்ம் போய்விட்டது’ என்று பெயர் சூட்டுவது மிகவும் வசதியான காரியம். காலநிலையைப்போல அதுவாகப் போய்விட்டதாம்; போக்கடித்தவர் எவரும் இல்லையாம்.

ஐம்பது ஆண்டு தாண்டிய செடிகளைப் பிடுங்கிவிட்டு மறுநடவு செய்யத் தேயிலை வாரியமே 2007இல் தனி நிதி ஏற்படுத்தியதே என்று கேட்கலாம். உண்மை. ஆனால் ஐம்பது ஆண்டு! அதுவும் மண்ணையும் செடியையும் ஆராய்ந்த பிறகு. அப்படியும் நூறாண்டு கடந்த செடிகள் இந்த மலையில் இன்னும் பறிக்கப்படுகின்றன. புதுக்கன்று பலன் தரும்வரை சில ஆண்டுகள் என்ன சாப்பிடுவது என்று சிறு விவசாயிக்குத் தெரியும். 29 வயது ஆட்டக்காரரை ஐம்பது வயதுச் செடியோடு ஒப்பிடுவது எந்தக் கணக்கில் சேர்த்தி என்று எனக்கு விளங்கவில்லை.

செடியைப் பற்றிப் பேசுவது எளிது. மனிதர்களைப் பற்றியும் கொஞ்சம் பேசுவோம். 2022இல் டான்டீ நிறுவனம் நட்டத்தில் ஓடுகிறது என்ற காரணத்தால் அதன் தேயிலைக் காடுகளில் 2,000 ஹெக்டேருக்கு மேல் வனத்துறையிடம் திருப்பி ஒப்படைக்க அரசு முடிவெடுத்தது. இந்த மலை கொந்தளித்தது, கொந்தளித்திருக்கவும் வேண்டும். அந்தத் தோட்டங்களில் வேலை செய்தவர்களில் பெரும்பகுதியினர் யார்? 1964இல் இரண்டு பிரதமர்கள் உட்கார்ந்து, 5,25,000 பேர் உங்களுக்கு, 3,00,000 பேர் எங்களுக்கு என்று தலை எண்ணிப் பிரித்துக்கொண்ட ஒப்பந்தத்தால் இலங்கையிலிருந்து கொண்டுவரப்பட்டவர்களும் அவர்கள் பிள்ளைகளும். எண்ணப்பட்டவர்களிடம் எவரும் எதையும் கேட்கவில்லை. இப்போது லாபமில்லை, லயத்தைக் காலி செய் என்றால் போவது எங்கே என்று கேட்டு நாமெல்லாம் அறிக்கைகளில் கையெழுத்திட்டோம். அதே கையால் தேநீர்க் குவளையைப் பிடித்துக்கொண்டு ‘ஓடாத குதிரையை வைத்துக்கொண்டு தீனி போட முடியுமா’ என்று ஆட்டக்காரரைப் பற்றிப் பேசுகிறோம். கோடிகளில் சம்பளம் வாங்குபவரும் தோட்டத் தொழிலாளியும் ஒன்றா என்று சினம் கொள்ள வேண்டாம். ஒன்றல்ல, நிச்சயமாக அல்ல. ஆனால் அவர்களை வெளியேற்றச் சொல்லப்படும் வாக்கியம் ஒன்றே. ஓரிடத்தில் அதை ஞானம் என்று பழகிக்கொண்டால் இன்னோரிடத்தில் அநீதி என்று சொல்ல நாக்கு எழாது.

எதிர்த்தரப்பின் வலுவான கேள்விக்கு வருவோம். வைத்துக்கொண்டால் மட்டும் ஆட்டம் திரும்பிவிடுமா? திரும்பும் என்று எவராலும் உறுதி சொல்ல முடியாது. ஈஸ்ட் பெங்காலில் ஜெஜேயின் காலுக்குப் பழைய ஆட்டம் திரும்பவில்லை. அவருடைய லீக் கோல்கள் 23, அத்தனையும் சென்னைக்கு அடித்தவையே. ஆனால் அண்டை நகரத்தைப் பாருங்கள். பெங்களூரு அணியில் சுனில் சேத்ரியின் ஆட்டம் 2022-23இல் மங்கியது. அவரை உட்காரவைத்தார்கள், பல ஆட்டங்களில் மாற்று ஆட்டக்காரராகவே இறங்கினார். விற்கவில்லை. அடுத்த பருவமும் பெரிதாக ஒன்றுமில்லை. 2024-25இல், நாற்பது வயதில், 14 கோல் அடித்தார். அந்தப் பருவத்தில் இந்தியர் எவரும் அவ்வளவு அடிக்கவில்லை. சேத்ரி விதிவிலக்கு என்பார்கள். இருக்கட்டும். விதிவிலக்கு யார் என்பது வைத்திருந்து பார்த்த சங்கத்துக்குத்தான் தெரியவரும்.

எதிர்முனையில் நெரியுஸ் வால்ஸ்கிஸ். 2019-20இல் சென்னைக்கு வந்த லித்துவேனியர், 15 கோல், தங்கக் காலணி, அணி இறுதியாட்டம் வரை போயிற்று. மறுபருவமே பயிற்சியாளர் ஓவன் காயலும் அவரும் ஜாம்ஷெட்பூரில் இருந்தார்கள். அவர்கள்மீது எனக்குக் கோபமில்லை. பிழைக்க வந்தவர்கள் பிழைக்கும் இடம் பார்த்துப் போனார்கள். ஆறாண்டு இருந்தவரையும் ஓராண்டு இருந்தவரையும் ஒரே கோடையில் இழந்த சங்கம் அந்தக் கோடையில் எதைச் சேமித்தது என்பதே என் கேள்வி.

ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். காயத்தில் படுத்திருந்த பருவம் முழுவதும் சங்கம் அவரைத் தன் பட்டியலில் வைத்திருந்தது. அது நல்ல காரியம். பதினொருவரில் அவருக்கு இடம் கொடுத்தே ஆகவேண்டும் என்று நான் கேட்கவுமில்லை. களத்தில் இடம் வேறு, சங்கத்தில் இடம் வேறு. இரண்டையும் ஒன்றாகக் குழப்பியதன் விளைவையும் நாம் பார்த்திருக்கிறோம்: 2025இல் 43 வயது தோனி விளையாடிய சென்னை கிரிக்கெட் அணி பட்டியலில் கடைசியாக வந்தது. பக்தி அணியை நடத்தாது. அதே நிர்வாகம் 2022 ஏலத்தில் சுரேஷ் ரெய்னாவின் பெயர் வாசிக்கப்பட்டபோது ஒரு கையைக்கூட உயர்த்தாமல் உட்கார்ந்திருந்ததையும் பார்த்தோம். இரண்டு கோடி அடிப்படை விலை, எவரும் கேட்கவில்லை. ஒருவருக்கு அர்ச்சனை, இன்னொருவருக்கு மௌனம். இவ்விரண்டுக்கும் நடுவே எத்தனையோ வழிகள் உண்டு.

அந்த வழிகளை எங்கள் மலைக் கிராமத்து அணிகள் பயிற்சியாளர் சான்றிதழ் எதுவும் வாங்காமலே கண்டுபிடித்திருக்கின்றன. முன்களத்தில் ஓடியவர் மூச்சு வாங்கத் தொடங்கினால் பின்களத்துக்கு வருவார். பின்களத்திலும் முடியாதபோது கோட்டோரம் கொடி பிடிப்பார். அதற்கும் பிறகு மைதானத்தில் மூடுபனி இறங்கிப் பந்து தெரியாமல் போகும் மாலைகளில், பையன்களுக்கு எந்தப் பக்கம் சரிவு, எங்கே தண்ணீர் தேங்கும் என்று சொல்லிக்கொண்டு நிற்பார். பக்கத்து ஊர் அணிக்கு அவரைக் கொடுத்துவிட்டு ஆள் மாற்றிக்கொள்ளலாம் என்று எவரும் சொல்லிக் கேட்டதில்லை. இது ஏழைகளின் ஆட்டம், அங்கே பணமில்லை என்று சொல்லலாம்தான். பணம் இருக்கும் இடத்தில் இதைச் செய்வது இன்னும் எளிதாக அல்லவா இருக்க வேண்டும்?

கால்பந்தில், ஒப்பந்தம் நடப்பில் இருக்கும்போது, ஆட்டக்காரரின் சம்மதம் இல்லாமல் அவரை இன்னொரு சங்கத்துக்கு மாற்ற முடியாது. அமெரிக்க விளையாட்டுகளில் நடப்பதுபோல் காலையில் எழுந்ததும் ‘நீ இன்று முதல் வேறு ஊர்’ என்று சொல்ல இயலாது. அதனால் இங்கே கைவிடுதல் சத்தமில்லாமல் நடக்கிறது. ஒப்பந்தம் முடியும் நாளுக்காகக் காத்திருந்தால் போதும். குற்றம் சொல்ல ஆளே இருக்காது. பெரிய சங்கங்களும் இதில் யோக்கியம் இல்லை. 2015 ஜூலையில் இகெர் காசியாஸ் ரியல் மாட்ரிடிலிருந்து விடைபெற்றபோது, பத்திரிகையாளர் முன் தனியாக உட்கார்ந்து அழுதார், பக்கத்தில் நிர்வாகத்தார் ஒருவரும் இல்லை. கூச்சல் எழுந்த பிறகு மறுநாள் தலைவரோடு இன்னொரு நிகழ்ச்சி நடத்தினார்கள்.

தொழில் என்றால் அப்படித்தான் என்பவர்கள் 2025 ஆகஸ்டை நினைத்துப் பார்க்கலாம். லீகின் உரிமை ஒப்பந்தம் குறித்த சிக்கலில் பருவமே தொடங்குமா என்று தெரியாத நிலையில், சென்னையின் எஃப்.சி. தன் செயல்பாடுகளைத் தற்காலிகமாக நிறுத்துவதாக அறிவித்தது. தொழில் நின்றுபோன அந்த நாட்களில் சங்கம் என்று சொல்ல மிஞ்சியது எது? இரண்டு கோப்பைகள், ஒரு நீலச் சட்டை, 2018 மார்ச்சில் கத்தித் தொண்டை கட்டிய சில ஆயிரம் பேர். அவர்கள் நினைவில் ஓடிக்கொண்டிருந்தவர்களில் ஜெஜேயும் ஒருவர்.

ஜெஜே 2023இல் ஓய்வு பெற்றார். அவ்வாண்டின் இறுதியில் மிசோரத்தின் தென் துய்புய் தொகுதியில் நின்று, அன்றைய சுகாதார அமைச்சரை 135 வாக்கு வித்தியாசத்தில் தோற்கடித்துச் சட்டமன்றம் போனார். மனிதர் நன்றாகவே இருக்கிறார். அவருக்காக நாம் கண்ணீர் வடிக்கத் தேவையில்லை. ஆனால் 2018-19க்குப் பிறகு சென்னை நேரு விளையாட்டரங்கில் அவர் ஒரு லீக் ஆட்டம்கூட ஆடவில்லை. முதலில் காயம், பிறகு வேறு சட்டை, அதுவும் பெருந்தொற்றுக் காலத்தில் கோவாவின் ஆளில்லாத அரங்குகளில். அவருக்கு ஒரு விடைபெறும் ஆட்டத்தை, பத்து நிமிடமாவது, அந்த அரங்கில் நடத்தச் சங்கத்துக்கு இப்போதும் எந்தத் தடையும் இல்லை. டிக்கெட் வாங்கிக்கொண்டு இரவு பஸ் பிடித்து மலையிலிருந்து இறங்கிவர இங்கே சிலர் இருக்கிறோம்.