கூலி வாங்கினால் கொள்கை செத்துவிடுமா?

ஸ்ரீவில்லிபுத்தூர் தேரடிப் பக்கம் ஒரு டீக்கடை. ஒருவர் கைபேசியில் யூடியூப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்மாய் ஆக்கிரமிப்பை எதிர்த்து ஓர் இளைஞன் பேசுகிறான். சர்வே எண்ணைச் சொல்லி, வரைபடத்தையும் காட்டுகிறான். நடுவில் ஒரு விளம்பரம் வந்ததுதான் தாமதம். "விடுங்கண்ணே, போராட்டத்தைச் சொல்லிக் காசு பாக்குறான்" என்றார் பக்கத்தில் இருந்தவர். பேச்சு அத்தோடு முடிந்தது. அந்தச் சர்வே எண் சரியா தப்பா என்று ஒருவரும் கேட்கவில்லை.

இயக்கத்தால் நாலு காசு சம்பாதித்தவன் சொல் செல்லாது என்ற நம்பிக்கை நம்மிடம் ஊறிக் கிடக்கிறது. அது தவறு. நியாயம் பேசுகிறவர்களை ஒவ்வொருவராக வாயடைக்கச் செய்யும் தவறு.

கதர் இயக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1927-ல் கதர் நிதி திரட்டத் தமிழகம் சுற்றிய காந்தி ராஜபாளையத்துக்கும் வந்தார். திரண்ட நிதி எதற்கு? ராட்டை சுற்றும் ஏழைப் பெண்களுக்குக் கூலி கிடைக்க. கூலி வாங்கியதால் அந்த நூல் கள்ள நூல் ஆகிவிடவில்லை.

பாரதியைப் பாருங்கள். 1907-ல் அவருடைய தேசியப் பாடல்களை 15,000 பிரதிகள் அச்சிட்டு இலவசமாக வழங்கியவர் வி. கிருஷ்ணசாமி ஐயர், அரசியலில் எதிர் முகாமான மிதவாதி. ஆனாலும் அதே ஆண்டு டிசம்பரில் சூரத் காங்கிரஸ் பிளந்தபோது பாரதி நின்றது ஐயரின் மிதவாதிகள் பக்கம் அல்ல, திலகர் பக்கம். கடையத்தில் இருந்த 1920-ல் தம் எழுத்துகளை 40 நூல்களாக, ஒவ்வொன்றிலும் 10,000 பிரதிகள் அச்சிட்டு விற்கத் திட்டம் போட்டு, நண்பர்களிடம் கடன் கேட்டார். தேசத்தைப் பாடியவர் அந்தப் பாட்டை விற்றுப் பிழைக்க நினைத்ததில் என்ன இழுக்கு? அந்தத் திட்டம் கைகூடாமல் போனதுதான் நமக்கு இழுக்கு.

ராஜபாளையத்துக்காரர்கள் உடனே பி.எஸ். குமாரசாமி ராஜாவைச் சொல்வார்கள். சென்னை மாகாண முதலமைச்சராக இருந்தவர், சொந்த வீட்டையே காந்தி கலை மன்றத்துக்குக் கொடுத்தார். அந்தத் தியாகத்தை வணங்குகிறேன். ஆனால் கொடுக்க அவரிடம் வீடு இருந்தது. சிவகாசியில் பிறந்த விசுவநாததாஸுக்கு நாடகமே பிழைப்பு. டிக்கெட் வாங்கி வந்தவர்கள் முன்னால்தான் தேசப் பாட்டுப் பாடினார். அதற்காகவே சிறைக்கும் போனார். 1940-ல் மேடையிலேயே உயிரை விட்டார். காசு வாங்காதவனே யோக்கியன் என்றால், பேசும் உரிமை சொத்துள்ளவனுக்கு மட்டுமே மிஞ்சும். அல்லது திரைமறைவில் கட்சிப் பணம் வாங்கிவிட்டு, "நான் சல்லிக்காசு தொடவில்லை" என்று சத்தியம் செய்பவனுக்கு.

பணம் நாக்கைத் திருப்பாது என்று நான் சொல்லவில்லை. 2009 தேர்தலில் காசு வாங்கிக்கொண்டு செய்தி போட்ட பத்திரிகைகளைப் பற்றி இந்தியப் பத்திரிகைக் கவுன்சிலே விசாரித்தது. வாசகனிடம் அது விளம்பரம் என்பதை மறைத்ததுதான் அங்கே குற்றம். பொருளைப் பரிந்துரைக்கும் சமூக ஊடகப் பிரபலங்கள், கைமாறு பெற்றிருந்தால் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று 2023 ஜனவரியில் மத்திய அரசு வழிகாட்டுதல் வெளியிட்டது. சோப்புக்கு உள்ள அந்த ஒழுங்கு அரசியல் பேச்சுக்கும் வேண்டும்.

நம் ஊர்ப் பால்கோவாவை விற்றுக் கடைக்காரர் லாபம் பார்ப்பதை யாரும் குறை சொல்வதில்லை. மைதா கலந்தால்தான் சண்டைக்குப் போகிறோம். அந்த இளைஞனிடமும் கலப்படத்தைத் தேடுவோம். யார் பணம் கொடுத்தார்கள்? அதைச் சொன்னானா? கொடுத்தவர் தப்புச் செய்தால் அவரையும் கேட்பானா? இதற்கெல்லாம் மேலாக, அவன் சொன்ன கண்மாய்க்கு ஒருநாள் போய்ப் பார்ப்போம். அங்கே தண்ணீர் நிற்கிறதா, கட்டடம் நிற்கிறதா என்பது அவன் பையில் எவ்வளவு இருக்கிறது என்பதைப் பொறுத்ததல்ல.