அலசிப் போட்டாலும் சூதுதான்

போன சனிக்கிழமை இரவு என் தங்கை மகன் ரசம் சாதத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சாப்பாட்டு மேசையிலேயே லேப்டாப்பைத் திறந்து வைத்தான். எக்செலில் பச்சை, மஞ்சள், சிவப்பு என்று கட்டம் கட்டமாக அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பந்தயக் கணக்கு. எந்த அணி மூன்றாவது டவுனில் எத்தனை முறை தேறியது, எந்தக் குவார்ட்டர்பேக் மழையில் எப்படி எறிவான், எந்தக் கோச் ஓய்வு வாரத்துக்குப் பிறகு எத்தனை ஆட்டம் ஜெயித்தார் என்று எல்லாம் இருந்தது. கடைசிப் பத்திக்கு அவன் வைத்திருந்த தலைப்பு 'நம்பிக்கை'. அதன் கீழே 71 சதவீதம், 64 சதவீதம் என்று எண்கள்.

"இது சூதாட்டம் இல்லை மாமா. அனாலிசிஸ்" என்றான்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒரு வாரமாகியும் ஆறவில்லை. அவன் ஒருவன் சொல்லியிருந்தால் அவனோடு பேசித் தீர்த்திருப்பேன். ஒஹாயோ மாநிலத்தின் இந்தக் கொலம்பஸ் நகரில் அலுவலகத்தில் பக்கத்து நாற்காலிக்காரர் இதைத்தான் சொல்கிறார். பொங்கல் விழாவில் வாழையிலைக்கு முன்னால் உட்கார்ந்தபடி நம்மவர்கள் இதைத்தான் சொல்கிறார்கள். சீட்டாடினால் சூது, குதிரைமேல் கட்டினால் சூது, ஆனால் கல்லூரி ஃபுட்பால் ஆட்டத்தை அலசிப் பார்த்துப் பந்தயம் கட்டினால் அது மட்டும் அறிவாம், உழைப்பாம், கிட்டத்தட்ட ஷேர் மார்க்கெட்டாம். படித்தவர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் பொய்களில் இதைவிட விலை அதிகமான பொய்யை நான் பார்க்கவில்லை.

அவனிடம் ஒன்றுதான் கேட்டேன். "பதின்மூன்றுக்குப் பத்து, ஞாபகம் இருக்காடா?" முகம் சுருங்கிவிட்டது.

2024 நவம்பர் 30. இதே கொலம்பஸில், லட்சம் பேருக்கு மேல் அமரும் ஸ்டேடியத்தில், ஒஹாயோ ஸ்டேட், மிச்சிகன் பல்கலைக்கழக அணிகள் மோதின. இந்த ஊரில் அந்த நாள் தீபாவளிக்குச் சமம். அன்றைக்கு என் ஹாலில், இதே பையன், இதே லேப்டாப். ஒஹாயோ ஸ்டேட் பத்தில் ஜெயித்து ஒன்றில்தான் தோற்றிருந்தது. மிச்சிகன் ஆறில் ஜெயித்து ஐந்தில் தோற்றிருந்தது. அதன் மிகச் சிறந்த வீரர்களில் இருவர், கோல்ஸ்டன் லவ்லேண்டும் வில் ஜான்சனும், அன்று ஆடவேயில்லை. அதன் பந்தெறியும் ஆட்டம் அந்த சீசன் முழுக்கப் படுத்த படுக்கை. பந்தய நிறுவனங்கள் ஒஹாயோ ஸ்டேட் இருபது புள்ளி வாக்கில் ஜெயிக்கும் என்று கோடு போட்டிருந்தன. "இருபது பத்தாது மாமா, முப்பதே போட்டிருக்கலாம்" என்று சொல்லி, ஒஹாயோ ஸ்டேட் அந்தக் கோட்டைத் தாண்டி ஜெயிக்கும் என்று 1,100 டாலர் கட்டினான். அப்போது அவனுக்கு வேலை கிடைத்து எட்டு மாதம்.

முதல் பாதி முடிவில் பத்துக்குப் பத்து. இரண்டாம் பாதியில் ஒஹாயோ ஸ்டேட் ஒரு புள்ளிகூட எடுக்கவில்லை. அந்த ஆட்டத்தில் அதன் உதைப்பாளன் 34 யார்டிலிருந்தும் 38 யார்டிலிருந்தும் இரண்டு ஃபீல்டு கோல்களைத் தவறவிட்டான். மிச்சிகனின் குவார்ட்டர்பேக் ஆட்டம் முழுவதும் எறிந்து சேர்த்தது வெறும் 62 யார்டு. இரண்டு தடவை பந்தை எதிராளி கையிலேயே கொடுத்தான். எந்த அலசலிலும் அது தோற்கிற அணியின் கணக்கு. கடைசி 45 விநாடி இருக்கும்போது மிச்சிகன் 21 யார்டிலிருந்து உதைத்தது. 13-10. என் மருமகன் டிவியைப் பார்க்காமல் ஃபோனையே பார்த்துக்கொண்டிருந்தான், அதில் வேறு ஏதாவது ஸ்கோர் வந்துவிடும் என்பதுபோல.

கதை இதோடு முடியவில்லை. பதின்மூன்றுக்குப் பத்து என்று சொந்த மண்ணில் மண்ணைக் கவ்விய அதே ஒஹாயோ ஸ்டேட் அடுத்த ஏழே வாரத்தில் டென்னஸியை 42-17, அதுவரை தோல்வியே காணாத ஓரிகனை 41-21, டெக்சஸை 28-14 என்று வரிசையாக வீழ்த்தியது. 2025 ஜனவரி 20 அன்று நோட்டர் டேமையும் 34-23 என்று ஜெயித்து தேசிய சாம்பியன் ஆனது. அந்த நோட்டர் டேமும் செப்டம்பரில் தன் சொந்த மைதானத்தில் நார்தர்ன் இல்லினாயிடம் 16-14 என்று தோற்ற அணிதான். நார்தர்ன் இல்லினாய் 28 புள்ளி வாக்கில் தோற்கும் என்று கோடு போட்டிருந்தார்கள். அந்த வருஷத்து இறுதி ஆட்டத்தில் நின்ற இரண்டு அணிகளையும் இவர்களின் அலசல் இந்த லட்சணத்தில்தான் கணித்திருந்தது. இதற்கு எந்தக் கட்டத்தில் பச்சை அடிக்கப் போகிறாய், சொல்.

"அது விதிவிலக்கு மாமா" என்கிறான். விதிவிலக்கா? ஒரு அணி சீசனுக்குப் பன்னிரண்டு ஆட்டம் ஆடுகிறது. அதில் பாதி, சோப்ளாங்கி அணிகளோடு. மிச்சமிருக்கிற ஐந்தாறு ஆட்டத்தை வைத்துத்தான் இவர்கள் போக்கு, வடிவம், பாணி எல்லாம் கண்டுபிடிக்கிறார்கள். ஆடுகிறவர்கள் பதினெட்டிலிருந்து இருபத்திரண்டு இருபத்து மூன்று வயதுப் பிள்ளைகள். காதலி பேசவில்லை என்றால் கை நடுங்குகிற வயது. வியாழக்கிழமை தேர்வு எழுதிவிட்டு சனிக்கிழமை லட்சம் பேர் முன்னால் நிற்கிறார்கள். 2018 முதல், வீரர்கள் கல்லூரி மாறுவதற்கு டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் என்று ஒன்று வந்துவிட்டது. பின்னால் விதிகளையும் தளர்த்தினார்கள். போன வருஷம் இந்த அணியில் ஆடிய பாதிப் பேர் இந்த வருஷம் வேறு ஊரில் வேறு சட்டையில் இருக்கிறார்கள். போன வருஷக் கணக்கு யாருடைய கணக்கு?

இதையெல்லாம்விட என்னை எரிச்சலூட்டுவது வேறு. ஸ்ப்ரெட் என்கிற அந்தக் கோடு என்ன என்பதே இவர்களுக்கு உறைக்கவில்லை. லவ்லேண்ட் ஆடவில்லை என்ற செய்தி உன் எக்செலுக்கு வருவதற்கு முன்பே அந்த இருபதுக்குள் போய் உட்கார்ந்துவிட்டது. மழையும் காற்றும் கோச்சின் பழக்கமும் எல்லாமே அதற்குள். ஒரு வீரனுக்குக் கணுக்கால் சுளுக்கினால் சில நிமிஷத்தில் கோடு நகர்கிறது. ராத்திரி கண் விழித்து நீ கண்டுபிடித்ததாக நினைப்பது, எதிரே கடை போட்டிருப்பவன் ஏற்கெனவே விலையில் சேர்த்துவிட்டது. ஒஹாயோ ஸ்டேட் பெரிய அணி என்று கண்டுபிடிக்க அலசல் தேவையில்லை. அது ஊர் அறிந்தது, அதனால்தான் அதன் தலையில் இருபது புள்ளி சுமை.

சரி, அலசல் பாதிக்குப் பாதி பலிக்கிறது என்றே வை. 100 டாலர் ஜெயிக்க 110 டாலர் கட்ட வேண்டும். அதுதான் வழக்கமான விலை. நூறு பந்தயத்தில் ஐம்பது ஜெயித்தால் 5,000 வரவு, ஐம்பது தோற்றால் 5,500 போச்சு. 500 டாலர் கையை விட்டுப் போக நீ முட்டாளாக இருக்க வேண்டியதில்லை, சராசரியாக இருந்தால் போதும். கைக்காசு கரையாமல் இருக்கவே நூற்றுக்கு 52.4 ஜெயிக்க வேண்டும். என் மருமகனின் எக்செலில் எழுபத்தொரு சதவீதம் இருக்கிறது. எழுபத்தொன்று நிஜமென்றால் அவன் ஏன் இன்னும் என் வீட்டில் ரசம் சாதம் சாப்பிடுகிறான்? இரண்டு வருஷத்தில் அந்த ஸ்டேடியத்தையே விலைக்கு வாங்கியிருக்க வேண்டாமா? தப்பித் தவறித் தொடர்ந்து ஜெயிக்கிற ஒருவன் கிளம்பினாலும் இந்த நிறுவனங்கள் அவன் கட்டக்கூடிய தொகையை மூன்று டாலர், ஐந்து டாலர் என்று சுருக்கிவிடும். தோற்கிறவனுக்கு மட்டும் கதவு அகலத் திறந்திருக்கிற வியாபாரத்துக்குத் திறமை என்று பெயர் வைத்தவனைச் சொல்ல வேண்டும்.

பார்லே என்று இன்னொரு பித்தலாட்டம். மூன்று ஆட்டத்தையும் சேர்த்துக் கட்டு, மூன்றும் பலித்தால் ஒன்றுக்கு ஆறு என்கிறார்கள். மூன்று நாணயம் சுண்டி மூன்றிலும் தலை விழ எட்டில் ஒரு வாய்ப்பு. நியாயமாகத் தர வேண்டியது ஒன்றுக்கு ஏழு. அந்த ஏழாவது டாலர் எங்கே போகிறது என்று எட்டாம் வகுப்புப் பிள்ளைக்குத் தெரியும். எம்.எஸ். படித்தவனுக்குத் தெரியவில்லை.

டிவியில் கோட்டு சூட்டோடு உட்கார்ந்து ஆட்டத்தைப் பிரித்து மேய்கிறவர்களும் இதற்கு உடந்தை. 13-10 ஆட்டத்துக்கு முந்தின நாள்வரை மிச்சிகன் ஏன் தவிடுபொடியாகும் என்று பேசினார்கள். மறுநாளே மிச்சிகன் ஏன் ஜெயித்தது என்று அதே நாக்கால் அதே தோரணையில் பேசினார்கள். ஒருவர்கூட வெட்கப்படவில்லை. அவர்கள் பேசுகிற திரையின் அடியில் பந்தய நிறுவனத்தின் விளம்பரம் ஓடிக்கொண்டிருக்கிறது. 2018 மே 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் விளையாட்டுப் பந்தயத்துக்கு எதிரான பழைய தடைச் சட்டத்தைத் தூக்கி எறிந்தது. 2023 ஜனவரி 1 முதல் ஒஹாயோவில் சட்டப்படியே கட்டலாம். அன்றிலிருந்து என் பத்து வயது மகள் டச் டவுனுக்கும் ஆட்ஸுக்கும் வித்தியாசம் கேட்கிறாள். ஆட்டத்தை ஆட்டமாகப் பார்க்கிற ஒரு சனிக்கிழமையைக்கூட இவர்கள் விட்டுவைக்கவில்லை.

அந்த உதைப்பாளனையும் நினைத்துப் பார்க்கிறேன். அவன் ஒரு மாணவன். அவன் 34 யார்டில் தவறியதற்காக என் ஹாலில் உட்கார்ந்திருந்த, எறும்புக்கும் தீங்கு நினைக்காத இந்தப் பையன் அவன் குடும்பத்தையே இழுத்துத் திட்டினான். 1,100 டாலர் இல்லையென்றால் அந்த வார்த்தை அவன் வாயில் வந்திருக்காது. கல்லூரி வீரர்களைத் தனித்தனியாகக் குறித்துப் பந்தயம் வைப்பதை நாடு முழுக்க நிறுத்துங்கள் என்று, கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அமைப்பின் தலைவர் சார்லி பேக்கரே 2024-இல் கேட்டார். ஒஹாயோ அந்த வருஷமே நிறுத்தியது. நல்லது, ஆனால் அணியின்மேல் கட்டுவது அப்படியே இருக்கிறது. வசவு அந்தப் பிள்ளைகளுக்குத்தான் போய்ச் சேர்கிறது.

'திறமை' என்ற இந்த வார்த்தை நம் தமிழ்நாட்டிலும் வேலை பார்த்தது. ஆன்லைன் ரம்மியில் அங்கே எத்தனை வீடுகளில் இழவு விழுந்தது என்று எல்லோருக்கும் தெரியும். சட்டசபை தடை போட்டது. ரம்மி திறமை விளையாட்டு என்று சொல்லி 2023 நவம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அதற்கு வழிவிட்டது. கடைசியில் 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம், திறமையோ அதிர்ஷ்டமோ, ஆன்லைனில் பணம் வைத்து ஆடக் கூடாது என்று சட்டம் போட வேண்டி வந்தது. அங்கே ரம்மிக்குச் சொன்ன அதே சாக்கை இங்கே எக்செலில் எழுதி வைத்திருக்கிறான் இவன்.

ஞாயிறு காலை கரூரிலிருந்து தங்கை பேசினாள். "அண்ணா, அவன் மூணு மாசமா பணம் அனுப்பலை. வேலையில ஏதும் பிரச்சனையா? கேட்டா அப்புறம் சொல்றேன்ங்கறான்" என்றாள். வீட்டுக் கடன் தவணை அவன் பெயரில்தான் இருக்கிறது. வேலையில் ஒரு குறையும் இல்லை என்று சொன்னேன். மற்றதை அவனே சொல்லட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்றைக்கே அவனைக் கூப்பிட்டு மூன்று மாதத் தவணையை நான் கட்டுகிறேன் என்றேன். அந்த ஃபைலை என் கண் முன்னால் அழிக்க வேண்டும், பந்தயக் கணக்கையும் மூட வேண்டும். அம்மாவிடம் அவன் வாயாலேயே சொல்ல வேண்டும். "கடைசியா ஒரே ஒரு ஆட்டம் மாமா, இது நிச்சயம்" என்று ஆரம்பித்தான். பதின்மூன்றுக்குப் பத்து என்றேன். சற்று நேரம் பேச்சில்லை. வரும் சனிக்கிழமை ஆட்டம் பார்க்க வருகிறான். ஃபோனை வாசலில் செருப்போடு விட்டுவிட்டு வரச் சொல்லியிருக்கிறேன்.