ஊரே கைதட்டுகிறது, கேள்வி கேட்பது யார்?

அமெரிக்காவில் ஆகஸ்டு மாதக் கடைசியில் ஒரு திருவிழாக் காலம் தொடங்குகிறது. அது நவம்பர், டிசம்பர் வரை நீடிக்கும். சாமிக்கு எடுக்கிற விழா அல்ல. பள்ளிக்கூடப் பையன்கள் ஆடுகிற பந்தாட்டத்துக்கு எடுக்கிற விழா!

வெள்ளிக்கிழமை மாலை வந்தால், பல சின்ன ஊர்களில் கடைத்தெரு காலியாகிவிடும். தாத்தா, பாட்டி, அப்பா, அம்மா, கைக்குழந்தை எல்லோரும் மைதானத்தில் இருப்பார்கள். பெரிய விளக்குகள் பகல்போல எரியும். பேண்டு வாத்தியம் முழங்கும். மாணவிகள் வரிசையாக நின்று உற்சாகக் குரல் கொடுப்பார்கள். கார் ரிப்பேர் செய்பவர் முதல் பாங்கு மானேஜர் வரை எல்லோருக்கும் அன்று ஒரே பேச்சுதான், ஒரே கட்சிதான்.

ஆடுகிறவர்கள் யார்? சம்பளம் வாங்கும் வீரர்கள் அல்ல. 14 வயது முதல் 18 வயது வரை உள்ள மாணவர்கள். நாடு முழுவதும் 10 லட்சத்துக்கும் அதிகமான மாணவர்கள் பள்ளிக்கூட அணிகளில் ஆடுகிறார்கள்.

ஊரின் அன்பு முழுவதும் ஒரு பையன் தோள்மேல் ஏறினால், அது அவனுக்கு நன்மையா, பாரமா? இதை எடுத்துச்சொல்ல வேண்டிய பத்திரிகைகள் என்ன செய்கின்றன? இன்று அமெரிக்காவில் எழுந்துள்ள கேள்வி இது.

என்ன ஆட்டம்?

ஆட்டத்தின் பெயர் "புட்பால்". ஆனால் நாம் அறிந்த கால்பந்து அல்ல. பந்து முட்டை வடிவத்தில் இருக்கும். பெரும்பாலும் அதைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடுவார்கள், அல்லது எறிவார்கள்.

ஒரு கட்சிக்கு 11 பேர். 4 முயற்சிக்குள் 10 கஜம் முன்னேற வேண்டும். முன்னேறினால் இன்னும் 4 முயற்சி கிடைக்கும். முடியாவிட்டால் பந்து எதிர்க்கட்சிக்குப் போய்விடும். பந்தோடு எல்லைக்கோட்டைத் தாண்டினால் 6 பாயிண்டு.

எதிரியைத் தடுப்பது எப்படி? உடம்பால் மோதிக் கீழே தள்ளுவதுதான்! அதனால்தான் ஆட்டக்காரர்கள் தலையிலும் தோளிலும் கவசம் அணிகிறார்கள். அப்படியும் அடிபடுவது உண்டு.

தொட்டிலில் ஒரு பந்து

ஓகையோ மாகாணத்தில் மாசிலன் என்று ஓர் ஊர். ஜனத்தொகை சுமார் 32 ஆயிரம். பள்ளிக்கூட மைதானத்தில் 16 ஆயிரம் பேருக்குமேல் உட்காரலாம். அதாவது, ஊரில் பாதிப்பேருக்கு இடம் உண்டு.

அந்த ஊரில் பல காலமாக ஒரு வழக்கம் இருந்து வந்தது. ஆஸ்பத்திரியில் ஆண் குழந்தை பிறந்தால், ரசிகர் சங்கத்தார் தொட்டிலில் ஒரு சின்னப் பந்தைக் கொண்டுவந்து வைப்பார்கள். பிறந்த அன்றே அவன் ஊர் அணியைச் சேர்ந்தவன் என்று அர்த்தம்!

மாசிலனுக்குப் பக்கத்து ஊர் கேண்டன். இரண்டு ஊர்ப் பள்ளிக்கூடங்களும் 1894-ம் ஆண்டு முதல் மோதி வருகின்றன. பாட்டன் ஆடிய ஆட்டத்தைப் பேரன் ஆடுகிறான். 2023-ல் மாசிலன் அணி தன் பிரிவில் மாகாணச் சாம்பியன் ஆனது.

6 கோடி டாலர் மைதானம்

தெற்கே டெக்சாஸ் மாகாணத்தில் இந்த ஆசை இன்னும் பெரியது. ஆலன் என்ற ஊரில் பள்ளிக்கூடத்துக்காக ஒரு மைதானம் கட்டினார்கள். செலவு 6 கோடி டாலர். இன்றைய மாற்று மதிப்பில் 500 கோடி ரூபாய்க்குமேல்! 18 ஆயிரம் பேர் உட்காரலாம்.

இந்தப் பணம் எங்கிருந்து வந்தது? ஊர் மக்களே ஓட்டுப்போட்டுக் கொடுத்தார்கள். 2009-ல் பள்ளிக்கூட நிர்வாகம் கடன் பத்திரம் வெளியிட அனுமதி கேட்டது. மக்கள் சம்மதித்தார்கள். அந்தக் கடனை அடைப்பது அவர்கள் கட்டும் வரிதான்.

மைதானம் 2012-ல் திறக்கப்பட்டது. 2014-ல் சிமெண்டுக் கட்டடத்தில் வெடிப்புகள் தென்பட்டன. உடனே மூடினார்கள். பழுது பார்த்து 2015-ல் மறுபடியும் திறந்தார்கள்.

ஏன் இந்த ஆர்வம்?

"வெறும் விளையாட்டுக்கு இவ்வளவா?" என்று கேட்கத் தோன்றும். அதற்குக் காரணம் இருக்கிறது.

பெரிய நகரங்களுக்குச் சம்பள வீரர்களின் அணி இருக்கிறது. சின்ன ஊருக்கு அது இல்லை. சுரங்கம் மூடலாம்; ஆலை மூடலாம்; வாலிபர்கள் வேலை தேடி வெளியே போகலாம். ஊரின் பெயரைச் சொல்லிக்கொண்டு நிற்பது பள்ளிக்கூட அணி ஒன்றுதான். பணக்காரரும் ஏழையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காருகிற இடமும் அந்த மைதானம்தான்.

பெற்றோர் சங்கம் அமைக்கிறார்கள். மைதானத்தில் தின்பண்டம் விற்றுப் பணம் சேர்க்கிறார்கள். பேண்டு வாத்தியத்துக்கும் பஸ்ஸுக்கும் உதவுகிறார்கள். பிள்ளைகள் கட்டுப்பாடு கற்கிறார்கள். சிலருக்கு இந்த ஆட்டத்தால் கல்லூரிப் படிப்பு இலவசமாகக் கிடைக்கிறது. இவை எல்லாம் உண்மையான நன்மைகள்.

வெள்ளிக்கிழமையைக் காக்கச் சட்டமே இருக்கிறது. சம்பள வீரர்களின் பெரிய ஆட்டங்களை டெலிவிஷனுக்கு விற்க அணிகள் ஒன்று சேரலாம் என்று 1961-ல் அமெரிக்கப் பாராளுமன்றம் ஒரு சலுகை கொடுத்தது. அதில் நிபந்தனையும் போட்டது. 1966-ல் அந்த நிபந்தனை பள்ளிக்கூடங்களையும் காக்கும்படி திருத்தப்பட்டது. செப்டம்பர் மாதம் 2-வது வெள்ளி முதல் டிசம்பர் மாதம் 2-வது சனி வரை இது அமலில் இருக்கும். பள்ளிக்கூட ஆட்டம் நடக்கும் இடத்திலிருந்து 75 மைலுக்குள் உள்ள நிலையத்திலிருந்து வெள்ளி மாலை 6 மணிக்குமேல் பெரிய ஆட்டத்தை ஒளிபரப்பினால், சலுகை கிடைக்காது!

2024-லும் 2025-லும் பெரிய அணிகள் பிரேசில் நாட்டில் வெள்ளிக்கிழமை ஆடின. இரண்டு தடவையும் அது செப்டம்பர் மாதத்து முதல் வெள்ளி. 2-வது வெள்ளியைத் தொடவில்லை. பள்ளிக்கூடப் பிள்ளைகளின் மாலை இன்றும் காக்கப்படுகிறது.

யாருக்கு வெளிச்சம்?

ஆனால் விளக்கு வெளிச்சம் எல்லோர்மேலும் விழுந்ததில்லை. டெக்சாசில் வெள்ளையர் பள்ளியும் நீக்ரோ பள்ளியும் தனித்தனியாக இருந்த காலம் ஒன்று உண்டு. இன்று "கறுப்பின மக்கள்" என்கிறோம். அவர்களுடைய பள்ளிகளுக்குத் தனிப் போட்டிச் சங்கம் 1920 முதல் 1970 வரை இருந்தது.

வெள்ளிக்கிழமை இரவு மைதானம் வெள்ளையருக்கு. கறுப்பின மாணவர்கள் புதன், வியாழன் இரவுகளில் ஆடினார்கள். ஹூஸ்டன் நகரில் அவர்களுடைய இரண்டு பள்ளிகள் மோதினால் பல்லாயிரம் பேர் திரண்டார்கள். அப்படியும் வெள்ளையரின் பத்திரிகைகள் அதற்குக் கொடுத்த இடம் மிகக் கொஞ்சம். கூட்டம் இருந்தால் மட்டும் போதாது. அதைப் பார்த்து எழுதுகிற கண்ணும் வேண்டும்.

எழுதியவருக்கு மிரட்டல்

டெக்சாசின் மேற்கே ஒடெசா என்று ஒரு ஊர். எண்ணெய்க் கிணறுகள் உள்ள ஊர். அங்கே பள்ளிக்கூட மைதானத்தில் சுமார் 19 ஆயிரம் பேர் உட்காரலாம். 1988-ல் பிஸ்ஸிங்கர் என்ற பத்திரிகையாளர் அங்கே குடியேறினார். ஆட்டக் காலம் முழுவதும் அணியோடு இருந்தார். கண்டதை 1990-ல் புத்தகமாக எழுதினார். அது பிறகு சினிமாவாகவும் டெலிவிஷன் தொடராகவும் வந்தது.

அவர் ஊரின் ஆர்வத்தையும் எழுதினார், வேண்டாததையும் எழுதினார். அணி வெளியூர் போகத் தனி விமானம் அமர்த்தியதை எழுதினார். ஆங்கிலப் பாடத்துக்கு வாங்கிய பொருள்களுக்கு ஆன செலவைவிட, ஆட்டக்காரர்களுக்கு வாங்கிய வைத்தியப் பொருள்களின் செலவு அதிகம் என்று எழுதினார். முழங்காலில் அடிபட்ட ஒரு நல்ல ஆட்டக்காரனின் கதையையும் எழுதினார். ஊர் அவனைத் தலையில் வைத்துக் கொண்டாடியது. கால் போனதும் மறந்துவிட்டது.

ஊருக்குக் கோபம் வந்தது. ஒடெசாவில் அவர் வாசகர்களைச் சந்திக்க ஏற்பாடாகியிருந்தது. மிரட்டல் வந்ததால் அது ரத்தாயிற்று!

கேள்வி கேட்டதால் வந்த சட்டங்கள்

கேள்வி கேட்டால் கோபம் வரும். ஆனால் கேள்வி கேட்டதால்தான் பிள்ளைகளுக்கு நன்மை வந்தது.

1984-ல் டெக்சாசில் ஒரு சட்டம் வந்தது. ஒரு பாடத்தில் தவறினால் 6 வாரம் ஆட முடியாது. பயிற்சியாளர்களில் பலர் கூச்சல் போட்டார்கள். சட்டத்தில் கையெழுத்திட்ட கவர்னர் 1986 தேர்தலில் தோற்றார். இந்தச் சட்டமும் ஒரு காரணம் என்று பலர் சொன்னார்கள். 1995-ல் 6 வாரம் 3 வாரமாகக் குறைந்தது. ஆனால் சட்டம் நிலைத்துவிட்டது.

அடுத்தது தலையில் படும் அடி. வாஷிங்டன் மாகாணத்தில் 2006-ல் 13 வயதுப் பையன் ஒருவனுக்குத் தலையில் அடிபட்டது. அவனை மறுபடியும் ஆட்டத்துக்கு அனுப்பினார்கள். அவனுக்கு மூளையில் பெரிய பாதிப்பு ஏற்பட்டது. அதன் பிறகு 2009-ல் அங்கே ஒரு சட்டம் செய்தார்கள். மூளை அதிர்ச்சி என்று சந்தேகம் வந்தாலே பையனை வெளியே அழைத்துவிட வேண்டும். வைத்தியத் தேர்ச்சி பெற்றவர் எழுத்து மூலம் அனுமதித்தால்தான் மறுபடியும் ஆடலாம். 2014-க்குள் 50 மாகாணங்களிலும் இதற்குச் சட்டம் வந்துவிட்டது.

சட்டம் புத்தகத்தில் இருந்தால் போதுமா? வெள்ளிக்கிழமை இரவு அது நடக்கிறதா என்று பார்ப்பது யார்? அந்த ஊர் நிருபர்தான் பார்க்க வேண்டும்.

நிருபர் எங்கே?

இங்கேதான் இன்றைய சங்கடம். 2005-க்குப் பிறகு அமெரிக்காவில் 3 ஆயிரத்துக்கும் அதிகமான பத்திரிகைகள் மூடப்பட்டுவிட்டன. அவற்றில் பெரும்பாலானவை சின்ன ஊர் வாரப் பத்திரிகைகள். அவற்றில்தான் பையனின் படம் வரும். அம்மா அதை வெட்டி எடுத்து வைப்பாள். அதே பத்திரிகைதான் பள்ளிக்கூட நிர்வாகக் கூட்டத்துக்கும் போகும். "இந்தச் செலவு எதற்கு?" என்று கேட்கும்.

ஆட்டத்தைப் பார்க்க வழி இல்லாமல் போகவில்லை. இன்டர்நெட் மூலம் பள்ளிக்கூட ஆட்டங்கள் ஒளிபரப்பாகின்றன. சந்தா கட்டினால் வீட்டிலிருந்தே பார்க்கலாம். பல மைதானங்களில் ஆள் இல்லாமலே பந்தைப் பின்தொடர்ந்து படம் பிடிக்கும் காமிரா இருக்கிறது. வெளியூரில் உள்ள பாட்டிக்குப் பேரன் ஆடுவது தெரிகிறது. நல்லதுதான். ஆனால் காமிரா பார்க்கும், கேட்காது.

செய்தி எழுதவும் யந்திரம் வந்தது. 2023 ஆகஸ்டில் ஒரு பெரிய பத்திரிகைக் கம்பெனி, பள்ளிக்கூட விளையாட்டுச் செய்திகளை யந்திர மூளையைக் கொண்டு எழுத வைத்தது. ஓகையோவின் தலைநகரான கொலம்பஸ் பத்திரிகையில் அவை வந்தன. நாம் அறிந்த கால்பந்து ஆட்டம் ஒன்றைப் பற்றிய செய்தியில், அணிகளின் பட்டப்பெயர் வர வேண்டிய இடம் நிரப்பப்படவே இல்லை. "ஜெயித்த அணியின் பட்டப்பெயர்" என்ற குறிப்பு அப்படியே வெளியாகிவிட்டது! நாடே சிரித்தது. கம்பெனி அதை நிறுத்திவைத்தது.

இல்லாத பள்ளிக்கூடம்

அதைவிடப் பெரிய கூத்து 2021 ஆகஸ்டு 29-ந் தேதி நடந்தது. நாடு முழுவதும் தெரியும் ஈ.எஸ்.பி.என். டெலிவிஷனில் ஒரு பள்ளிக்கூட ஆட்டம். இடம்: அதே கேண்டன் நகரம். ஒரு பக்கம் புளோரிடாவின் பேர்போன ஐ.எம்.ஜி. அகாடமி. மறுபக்கம் "பிஷப் சைகமோர்" என்ற பள்ளி.

முடிவு 58-0! அந்த அணி 2 நாள் முன்புதான் இன்னொரு ஆட்டம் ஆடியிருந்தது. அடிபடும் ஆட்டத்தை இப்படி அடுத்தடுத்து ஆடுவது ஆபத்து. அணியைப் பற்றிச் சொன்ன தகவல்களைச் சரிபார்க்க முடியவில்லை என்று வர்ணனையாளர்களே ஒளிபரப்பில் சொன்னார்கள்.

பிறகு நிருபர்கள் தோண்டினார்கள். சில நாளில் குட்டு உடைந்தது. அப்படி ஒரு முறையான பள்ளிக்கூடமே இல்லை! டிசம்பரில் ஓகையோ கல்வி இலாகா விசாரித்து, இது மோசடி என்று அறிக்கை வெளியிட்டது. டெலிவிஷன் கம்பெனி வருத்தம் தெரிவித்தது. ஆட்டத்தை ஏற்பாடு செய்தது வேறு கம்பெனி என்றது.

யாருக்கு நஷ்டம்? படிப்பும் கிடைக்கும், ஆட்டமும் கிடைக்கும் என்று நம்பி வந்த பிள்ளைகளுக்குத்தான். கேள்விகள் ஆட்டத்துக்கு முன்பே வந்திருக்கவேண்டும், பின்னால் வந்தன.

இரண்டும் வேண்டும்

ஊர் கூடிப் பிள்ளைகளைக் கொண்டாடுவதில் தவறு இல்லை. கைதட்டல் கேட்டு வளர்கிற பிள்ளைக்குத் தைரியம் வரும். அதைக் குறை சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் 16 வயதுப் பையன் ஊரின் மானத்தைச் சுமக்கிற கழுதை அல்ல. அவனுக்குத் தலைவலி இருக்கிறதா? பாடத்தில் தேறினானா? அடிபட்டு ஆட்டம் நின்றுவிட்டால் அவன் கதி என்ன? மைதானத்துக்கு 6 கோடி கொடுத்த ஊரில் இதைக் கேட்க ஒருவராவது இருக்கவேண்டும்.

அந்த வேலையைத்தான் சின்ன ஊர்ப் பத்திரிகை செய்து வந்தது. வெற்றி பெற்றால் படம் போட்டது. தவறு நடந்தால் கேள்வி கேட்டது. இன்று படம் காட்ட ஆயிரம் காமிரா வந்துவிட்டது. கேள்வி கேட்கும் நிருபர் குறைந்துகொண்டே போகிறார். நிருபர் இல்லாத ஊரில் அந்தப் பொறுப்பு பெற்றோர் தலையில் விழுகிறது.

மகன் ஜெயித்த இரவில் தகப்பனார் எவ்வளவு வேண்டுமானாலும் கைதட்டலாம். மறுநாள் காலையில், "உடம்பு எப்படி இருக்கிறது? படிப்பு எப்படி இருக்கிறது?" என்று அவனைக் கேட்கவேண்டும். பள்ளிக்கூடத்தையும் கேட்கவேண்டும்.