கல்யாணப் பேச்சிலும் கணக்கு வேண்டும்

பத்து மூட்டை அரிசியைக் கடனுக்குக் கொடுத்தாலும் பில் எழுதிக் கையொப்பம் வாங்கிவிட்டுத்தான் லொறியில் ஏற்றுகிறோம். ஆனால் மகளுக்குக் கல்யாணம் பேசும்போது பல இலட்சங்களை வாய்ப்பேச்சிலேயே கைமாற்றி விடுகிறோம். "சம்பந்தி வீட்டாரிடம் எழுத்துக் கேட்பது மரியாதையா?" என்பது நமது நியாயம்.

எனது ராத்தாவின் கல்யாணத்தில் வாப்பாவும் அப்படித்தான் நினைத்தார். மச்சானின் கடைக்கு முதலாக ஒரு பெருந்தொகையைக் கொடுத்தார். மச்சான் நல்ல மனிதர். ஒரு நாளும் ராத்தாவைக் கண்கலங்க விட்டதில்லை. 16 வருடங்களுக்குப் பின் மாரடைப்பில் மௌத்தானார். வாப்பாவும், மச்சானின் பெற்றோரும் அதற்கு முன்பே காலமாகியிருந்தனர்.

சொத்துப் பிரிக்க உட்கார்ந்தபோதுதான் கேள்வி எழுந்தது. வாப்பா கொடுத்தது அன்பளிப்பா, கடனா, ராத்தாவின் பங்கா? ஒரு துண்டுக் கடிதமும் இல்லை. மச்சானின் சகோதரர்கள் கெட்டவர்கள் அல்லர். தங்களுக்குத் தெரியாததை அவர்கள் எப்படி ஒப்புக்கொள்வார்கள்? கடை முழுவதும் மர்ஹூமின் சொத்தாகவே கணக்கிடப்பட்டது. ராத்தாவுக்கு 8இல் 1 பங்கு. பெண் பிள்ளைகள் இருவருக்கும் 3இல் 2 பங்கு. மீதி சகோதரர்களுக்கு. பங்கீட்டில் பிழையில்லை. ராத்தாவின் பணமும் அதற்குள் போனதுதான் பிழை. அது அவருடையது என்று எழுதியிருந்தால், கடனாக முதலில் கழித்த பின்பே பங்கு பிரித்திருப்பார்கள்.

முன்னொப்பந்தம் என்றதும், தலாக்கை எதிர்பார்த்துச் செய்யும் வெள்ளைக்காரர் பழக்கம் என்று சிலர் முகம் சுளிக்கிறார்கள். நிக்காஹ்வே ஓர் ஒப்பந்தம்தான். குர்ஆனின் மிக நீண்ட வசனம், கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிக்கொள்ளச் சொல்லும் வசனமே. தலாக் எல்லோருக்கும் வருவதில்லை. மௌத் எல்லோருக்கும் வரும்.

செய்ய வேண்டியவை அதிகமில்லை. மஹர் எவ்வளவு, கொடுத்தாயிற்றா, பாக்கியா என்பதை விவாகப் பதிவில் தெளிவாக எழுதுங்கள். பாக்கி மஹரும் கடனே. மணமகளின் பாவனைக்கென்று மாப்பிள்ளையிடம் கொடுக்கும் பணத்தையும் அசையும் பொருளையும் 1951ஆம் ஆண்டின் முஸ்லிம் விவாக விவாகரத்துச் சட்டம் கைக்கூலி என்கிறது. அதைக் கேட்டு வாங்குவது இழிவு என்பது வேறு பேச்சு. கொடுத்துவிட்டால் பதியாமல் விடாதீர்கள். வீடு, காணி என்றால் மகளின் பெயரில் நொத்தாரிசு உறுதி முடியுங்கள்.

கடைக்கு முதல் கொடுப்பதாயின் அது கடனா, பங்கா, அன்பளிப்பா என்று தனியாக எழுதுங்கள். 1,000 ரூபாவுக்கு மேற்பட்ட முதலுள்ள பங்குடைமை எழுத்தில் இருக்க வேண்டும் என்பது 1840ஆம் ஆண்டின் மோசடிகள் தடுப்புக் கட்டளைச் சட்டத்திலேயே உள்ளது. இது மாப்பிள்ளை வீட்டாருக்கும் பாதுகாப்பு. சகோதரர்கள் சேர்ந்து நடத்தும் கடையில் மருமகளின் பணம் எவ்வளவு என்று தெரிந்தால் நாளை அவர்களுக்குள்ளும் சண்டை இல்லை.

என் மூத்த மகளின் கல்யாணப் பேச்சில் நானே இதை எடுத்தேன். சம்பந்தியின் முகம் சற்று மாறியது. ராத்தாவின் கதையைச் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "என் தங்கைக்கும் இதுதான் நடந்தது, நானா" என்றார். அடுத்த வாரம் இருவரும் ஒன்றாகவே நொத்தாரிசிடம் போனோம்.