இருபத்தைந்தும் இருநூற்றைந்தும்

"இந்தப் பருவத்தில் சிறு பிள்ளைகளுக்கு என்னதான் சொல்லிக் கொடுக்கிறீர்கள்?" என்று பெற்றோர் சிலர் நம்மைக் கேட்கிறார்கள். நியாயமான கேள்வி. நம் இரண்டாம் வகுப்பில் இந்தப் பருவத்தின் பிரதான பாடம் இரண்டு இலக்க எண்கள். பத்திலிருந்து தொண்ணூற்றொன்பது வரை எண்ணவும், எழுதவும், எது பெரிது எது சிறிது என்று சொல்லவும் குழந்தைகள் கற்று வருகிறார்கள்.

"இதற்கு ஒரு பருவமா? எங்கள் பெண் நூறு வரை ஒரே மூச்சில் ஒப்பிக்கிறாளே!" என்று சிலர் ஆச்சரியப்படக்கூடும். ஒப்பிப்பது வேறு, அறிவது வேறு. இந்த வித்தியாசம் புத்தகத்தில் படித்து நமக்கு ஏற்கெனவே தெரியும். ஆனால் அதை நன்றாகக் கற்றுக் கொண்டது சென்ற மாதம், ஏழு வயதுச் சிறுவன் ஒருவனிடம்தான்.

வகுப்பில் பத்து எண்களைச் சொல்லி எழுதச் சொன்னோம். அவன் நோட்டில் எட்டு, பத்து, பன்னிரண்டு, இருபது, ஐம்பது ஆகிய ஐந்தும் சரி. மற்ற ஐந்தும் தவறு. இருபத்தைந்துக்கு 205, நாற்பத்தேழுக்கு 407, அறுபத்துமூன்றுக்கு 603 என்று எழுதியிருந்தான். நாற்பது நோட்டுகளைத் திருத்தும் அவசரத்தில் ஐந்து சிவப்புப் பெருக்கல் குறிகளைப் போட்டு, "கவனம் தேவை" என்றும் கீழே எழுதிக் கொடுத்துவிட்டோம்.

அதன் பிறகு அந்தப் பையன் கணக்கு வேளையில் கை தூக்குவதை நிறுத்திவிட்டான். நாம் அதைக் கவனிக்கவில்லை. அவனுக்குக் கவனம் தேவை என்று எழுதியவர்கள் அல்லவா நாம்!

ஒரு மாலை அவன் தாயார் நோட்டும் கையுமாக வந்தார். "சார், இவனுக்குக் கணக்கே வராதுங்களா? 'நான் மக்கு'ன்னு இவனே சொல்லிக்கறான். இவங்க அப்பா டியூஷன்ல சேர்த்துவிடணும்கறார்" என்றார். பையன் தாயாரின் முந்தானைக்குப் பின்னால் நின்றான்.

நமக்கு என்ன பதில் சொல்வதென்று தெரியவில்லை. நோட்டை வாங்கி 205-ஐக் காட்டி, "தம்பி, இதைப் படி" என்றோம்.

"இருபத்தைந்து" என்றான்.

"எப்படி?"

அவன் விரலை 20-ன் மேல் வைத்தான். "இது இருபது." விரலை நகர்த்தினான். "இது அஞ்சு."

ஐந்து தவறுகளையும் இதே முறையில்தான் எழுதியிருந்தான். நாம் சொன்னதைக் காதால் கேட்டு, கேட்ட வரிசையிலேயே எழுதியிருக்கிறான். இருபது என்றோம், 20 எழுதினான். ஐந்து என்றோம், பக்கத்தில் 5 எழுதினான். கவனக்குறைவு அவனிடத்தில் இல்லை. நாற்பது பேரில் நம்மை மிகவும் கவனமாகக் கேட்டவன் ஒருவேளை அவன்தான்!

இன்னொரு விஷயமும் நினைவுக்கு வந்தது. பழந்தமிழ் எண்முறையில் பூஜ்யம் கிடையாது. பத்துக்கு ௰, நூறுக்கு ௱, ஆயிரத்துக்கு ௲ என்று தனிக் குறிகள் இருந்தன. இருபத்தைந்தை ௨௰௫ என்று எழுதினார்கள்: இரண்டு, பத்து, ஐந்து. வாய் சொல்வதைக் கை அப்படியே எழுதிய முறை அது. நம் பையன் செய்ததும் ஏறக்குறைய அதுவே. நம் முன்னோர் ஏட்டில் எழுதினால் கணக்கு, இவன் நோட்டில் எழுதினால் மக்குத்தனம் என்று தீர்ப்புச் சொல்வது எந்த ஊர் நியாயம்?

இப்போது நாம் எழுதும் முறையில் இலக்கத்தின் மதிப்பை அதன் இடம் சொல்கிறது. 25-ல் உள்ள 2 தன் இடத்தின் பலத்தாலே இருபது ஆகிறது. பாரத நாடு உலகுக்கு அளித்த பெருங்கொடை இந்த முறை. கி.பி. 628-இல் பிரம்மகுப்தர் பூஜ்யத்தைக் கொண்டு கணக்குச் செய்யும் விதிகளை வகுத்தார். குவாலியர்க் கோட்டையில் உள்ள சிறு கோவில் ஒன்றின் கி.பி. 876-ஆம் ஆண்டுக் கல்வெட்டில் 270 என்ற எண் பூஜ்யத்தோடு வெட்டப்பட்டிருப்பதை இன்றும் காணலாம். பேரறிஞர்கள் தலைமுறை தலைமுறையாகச் சிந்தித்துக் கண்ட ஒன்றை ஏழு வயதுக் குழந்தை ஒரு வாரத்தில் பிடித்துக்கொள்ள வேண்டும் என்று நாம் அவசரப்படுகிறோம்.

நம் எண்களின் பெயர்களும் குழந்தைக்குச் சில கண்ணிகளை வைத்திருக்கின்றன. எண்ணூறு என்றால் 800. தொண்ணூறு என்றால் 90. இரண்டு பெயருக்குள்ளும் 'நூறு' ஒலிக்கிறது. ஒன்றில்தான் அது உண்மையான நூறு. பெரியவர்களுக்குப் பழகிவிட்டபடியால் இது காதில் விழுவதில்லை. குழந்தைக்கு விழுகிறது.

மறுநாள் தென்னை ஈர்க்குகளை ஒரே அளவாக ஒடித்துக் கொண்டு வகுப்புக்குச் சென்றோம். பத்துப் பத்தாக நூலால் கட்டும்படி பிள்ளைகளிடம் சொன்னோம். நம் பையன் இருபத்தைந்துக்கு இரண்டு கட்டுகளையும் ஐந்து உதிரிக் குச்சிகளையும் எடுத்து வைத்தான். ஒரு தவறும் இல்லை. இருபத்தைந்து என்றால் எவ்வளவு என்பது அவனுக்கு முன்பே தெரியும்! எழுதும் விதத்தில்தான் சிக்கல்.

பிறகு இரண்டு அட்டைகளைக் கொடுத்தோம். நீளமான அட்டையில் 20 என்றும், அதில் பாதி அகலமுள்ள அட்டையில் 5 என்றும் எழுதியிருந்தது. "அஞ்சை இருபதுக்குப் பக்கத்தில் வைக்காதே. பூஜ்யத்தின் மேலே வை" என்றோம்.

வைத்தான். 25 தெரிந்தது. சிறிது நேரம் பார்த்துக் கொண்டிருந்தான். 5-ஐத் தூக்கிப் பார்த்தான். கீழே பூஜ்யம் இருந்தது. மறுபடி மூடினான். மறுபடி தூக்கினான்.

"சார், சைபர் உள்ளே ஒளிஞ்சிருக்கு!" என்று கத்தினான். வகுப்பு முழுவதும் அட்டைகளைத் தூக்கித் தூக்கிப் பார்த்தது. அன்றையப் பாடம் அதோடு முடிந்தது. அதற்கு மேல் நாம் கற்பிக்க ஒன்றும் இல்லை.

கையால் தொட்டுக் கற்கும் இந்த முறை புதியதன்று. 1937-ஆம் ஆண்டு வார்தாவில் மகாத்மா காந்தியின் தலைமையில் கல்வி மாநாடு கூடியது. அதையொட்டி டாக்டர் ஜாகிர் உசேன் தலைமையில் அமைந்த குழு வகுத்த ஆதாரக் கல்வித் திட்டத்தில் கைத்தொழிலே பாடங்களுக்கெல்லாம் நடுநாயகம். நூற்ற நூலை எண்ணிக் குழந்தை கணக்குக் கற்கலாம் என்பது அதன் கருத்து. தமிழ்நாட்டில் 2022-ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட 'எண்ணும் எழுத்தும்' திட்டமும், குழந்தை எந்த வகுப்பில் உட்கார்ந்திருக்கிறது என்பதோடு நில்லாமல், கற்றலில் எந்த நிலையில் நிற்கிறது என்று பார்க்கச் சொன்னது. அந்த நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பெயர். நல்ல பெயர்கள். அரும்பைப் பார்த்து "ஏன் இன்னும் மலரவில்லை?" என்று எந்தத் தோட்டக்காரனும் சிவப்பு மையால் குறி போடுவதில்லை.

திட்டங்கள் நல்லவைதாம், நாற்பது நோட்டுகளுக்கு முன் உட்காரும் உபாத்தியாயருக்கு அவகாசம் கிடைப்பதுதான் அரிது. ஆகவே இல்லங்களின் உதவியை நாடுகிறோம்.

குழந்தை தவறாக எழுதினால் "தப்பு" என்று சொல்வதற்கு முன், "இது எப்படி வந்தது, கண்ணு?" என்று ஒருமுறை கேளுங்கள். பதிலை முழுவதும் கேளுங்கள், நடுவில் திருத்தாதீர்கள். புளியங்கொட்டையோ தீக்குச்சியோ இருந்தால் பத்துப் பத்தாகக் குவிக்கச் சொல்லுங்கள். கடைக்குப் போகும்போது பத்து ரூபாய் நோட்டுகளையும் ஒரு ரூபாய்க் காசுகளையும் கொடுத்து, முப்பத்தாறு ரூபாயை எடுத்துத் தரச் சொல்லுங்கள். நாளைக்குக் கால் மணி நேரம் போதும். அதற்கு டியூஷன் வேண்டியதில்லை.

"நான் மக்கு" என்று குழந்தை சொன்னால் மட்டும் அன்றே பள்ளிக்கு வாருங்கள். அந்தத் தாயார் வந்தார். வராதிருந்தால் அந்த ஐந்து குறிகளும் அவன் மனத்தில் எத்தனை வருஷம் இருந்திருக்குமோ!

நோட்டைத் திரும்ப வாங்கி, "கவனம் தேவை" என்பதன் கீழே நம் கையெழுத்தைப் போட்டோம். அந்த வாக்கியம் இனி நமக்கு உரியது. சிறுவனுக்கு அது புரியவில்லை. அவனுக்கு வேறு ஒரு சந்தேகம் இருந்தது.

"அப்போ 205-னா எவ்வளவு சார்?"

"அது அடுத்த வகுப்பில் வரும்" என்றோம்.

அவன் காத்திருக்கவில்லை. வகுப்பிலிருந்த ஈர்க்குக் கட்டுகளையெல்லாம் வாரிக் கொண்டு போய், மூலையில் உட்கார்ந்து எண்ணத் தொடங்கினான். கட்டுகள் போதவில்லை. நாளைக்கு இன்னும் கொஞ்சம் ஈர்க்கு ஒடிக்க வேண்டும்.